வரியில்லா எல்லையும் வெற்று அலமாரியும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் சொற்போர் மேடையில் நான் ஒரு வெற்றி பெற்றேன். அந்த வெற்றியைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

"ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதே அந்நாட்டுக் கடைகள் வெறுமையானதற்குக் காரணம்" என்பது அன்றைய தலைப்பு. ஆம் என்ற அணியில் நான் பேசினேன். 2021-இல் பெட்ரோல் நிலையங்களின் முன் நீண்ட வண்டி வரிசை, 2023-இல் தக்காளி இல்லாத கடைகள், மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக அலைந்த நோயாளிகள் என ஒவ்வொன்றாக அடுக்கினேன். அடுக்கிய ஒவ்வொன்றின் முடிவிலும் "விலகல்! விலகலே காரணம்!" என்று முழங்கினேன். கைதட்டலுக்குக் குறைவில்லை, பரிசும் கிடைத்தது.

கூட்டம் கலைந்தபின், மருந்தியல் துறையில் ஆராய்ச்சி செய்யும் அண்ணன் ஒருவர் என் தோளில் கைவைத்து, "தம்பி, நீ பேசியதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பொருளாதாரம் பயிலும் மாணவன் நான், ஆயினும் தெரியவில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம்; ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை என்பது உண்மை. அதன்பின் படித்தவற்றையும், அந்த அண்ணனோடு தேநீர்க் கடையில் வாதாடித் தெளிந்தவற்றையும் நண்பர்களுக்கு முன் வைக்கிறேன்.

வரி வேறு, எல்லை வேறு

முதலில் நடந்தது என்ன என்பதை வரிசைப்படுத்திக்கொள்வோம். 2016 ஜூன் 23-இல் பிரிட்டனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. விலக வேண்டும் என்றோர் 51.9 விழுக்காட்டினர்; இருக்க வேண்டும் என்றோர் 48.1 விழுக்காட்டினர். 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ஆயினும் பழைய வணிக விதிகள் அந்த ஆண்டு முழுவதும் இடைக்கால ஏற்பாடாகத் தொடர்ந்தன. 2020 டிசம்பர் 24-இல், கிறிஸ்துமசுக்கு முதல்நாள், இரு தரப்பும் வணிக உடன்பாடு கண்டன. 2021 ஜனவரி 1 முதல் புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

அந்த உடன்பாட்டின் சிறப்பு யாது? இரு தரப்பிலும் விளைந்த அல்லது செய்யப்பட்ட பண்டங்களுக்குச் சுங்க வரி இல்லை. இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற அளவு வரம்பும் இல்லை. இதைப் படிக்கும் எவருக்கும் இயல்பாக ஓர் ஐயம் தோன்றும். வரியே இல்லையென்றால் வணிகத்துக்கு என்ன தடை? பழையபடி லாரி போகும், பழையபடி வரும். பிறகு ஏன் இத்தனை கூச்சல்?

இங்கேதான் நாம் நுணுகிப் பார்க்க வேண்டும். வரி என்பது எல்லையில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று; ஒன்று மட்டுமே. "இது என்ன பண்டம்? எங்கே பிறந்தது? உன் நாட்டில் இதில் நோய் இல்லை என்று சான்றளித்தவர் யார்? அவர் கையொப்பம் எங்கே?" என்பன மற்றக் கேள்விகள். ஒன்றியத்துக்குள் இருந்தபோது இக்கேள்விகளை எவரும் கேட்கவில்லை. வெளியேறியதும் எல்லாக் கேள்விகளும் ஒருசேர எழுந்தன. வரி சுழியம், எழுத்து வேலையோ மலை.

நமக்கு இது புதிதன்று. நம் நாட்டில் லாரிகள் மாநில எல்லைதோறும் வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் காத்துக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி வந்ததையொட்டிப் பெரும்பாலான மாநிலங்கள் அச்சாவடிகளை நீக்கின. நாம் அகற்றியதைப் போன்ற ஒன்றைப் பிரிட்டன் புதிதாக நட்டது என்று எண்ணிக்கொண்டால் செய்தி விளங்கிவிடும்.

பிறப்பிடம் கேட்கும் விதி எவ்வளவு சங்கடமானது என்பதற்கு ஒரு மிட்டாயே சான்று. மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் என்னும் பெருங்கடை பன்றிக்குட்டி முக வடிவில் 'பெர்சி பிக்' என்ற மிட்டாயை விற்கிறது. அது செய்யப்படுவது ஜெர்மனியில். ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்கு வந்தது, வரி இல்லை. அதே மிட்டாயைப் பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக் கடைக்கு அனுப்பினால் வரி கேட்கக்கூடும்! ஏனெனில் அது பிரிட்டனில் பிறந்ததன்று. வந்து இறங்கித் திரும்பிப் போவது. ஒன்றியத்தில் பிறந்த பண்டம் ஒன்றியத்துக்கே திரும்பும்போது அந்நியமாகிவிட்டது. 2021 ஜனவரியில் அக்கடையின் தலைவரே இந்த வேடிக்கையைப் பொதுவில் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில், புதிய உணவுப் பண்டங்களைக் காலத்தில் கொண்டு சேர்க்க இயலாமையைக் காரணம் காட்டி, பிரான்சில் தன் பெயரில் நடந்த 11 கடைகளை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

ஒரு லாரியின் கதை

அந்த அண்ணன் எனக்கு விளக்கியபோது, கணக்கும் வரைபடமும் காட்டவில்லை. ஒரு லாரியைக் காட்டினார். அதையே நானும் செய்கிறேன்.

டோவர் துறைமுகத்தின் வழியாக மட்டும் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை சரக்கு வண்டிகள் போய்வரும். அவற்றுள் ஒன்றைப் பிடித்து நிறுத்துவோம். அதில் இருபது சிறு வணிகரின் சரக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பாலாடைக்கட்டி, ஒருவர் மீன், ஒருவர் இறைச்சி. தனித்தனியே லாரி பிடிக்க வசதியில்லாதவர்கள் இப்படிக் கூட்டாக அனுப்புவது வழக்கம். விலகலுக்குப் பின், விலங்கிலிருந்து பெறும் ஒவ்வொரு பண்டத்துக்கும் கால்நடை மருத்துவர் முதலான தகுதி பெற்ற அலுவலரின் கையொப்பத்தோடு நலச்சான்றிதழ் வேண்டும். பத்தொன்பது பேரின் தாள்கள் சரியாக இருக்கின்றன. இருபதாமவர் ஒரு கட்டத்தில் தவறான எண்ணை எழுதிவிட்டார். நிற்பது யார்? இருபது பேருமே. அழுகுவது எது? இருபது பேரின் சரக்குமே.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் நடந்தது இதுதான். 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மீன், நண்டு, இறால் வணிகர்கள் இந்தச் சுழலில் சிக்கினார்கள். பிடித்த மறுநாள் பிரான்சின் சந்தையில் இருக்க வேண்டிய சரக்கு, தாளுக்காகக் காத்துக் கிடந்தது. ஜனவரி 18-இல் அவர்கள் தம் லாரிகளை இலண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த வைட்ஹால் தெருவுக்கே ஓட்டிச் சென்று முறையிட்டார்கள். 2.3 கோடி பவுண்டு வரை இழப்பீடு தருவதாக அரசு அறிவித்தது. அதே மாதத்தில் நெதர்லாந்தின் துறைமுகத்தில், வந்திறங்கிய லாரி ஓட்டுநர்களின் இறைச்சி வைத்த சாண்ட்விச்சுகளைக்கூடச் சுங்க அலுவலர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டம் சட்டமே, ஓட்டுநரின் மதிய உணவும் அதற்கு இறக்குமதியே!

பெரிய நிறுவனம் இதைச் சமாளிக்கும்; தாள் எழுதவே தனித்துறை அமைக்கும். சிறியவன் என்ன செய்வான்? விட்டு விலகுவான். இலண்டன் பொருளாதாரக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 16,400 பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஒன்றியத்துக்குப் பண்டம் அனுப்புவதையே நிறுத்திவிட்டன. எல்லையில் வைக்கப்பட்ட மேசை எல்லாருக்கும் ஒரே உயரந்தான். ஆனால் குட்டையானவனுக்குத்தான் அது எட்டுவதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நான் மேடையில் தவறவிட்டது இதைத்தான். ஒன்றியம் 2021-இன் முதல் நாளே தன் பக்கத்துச் சோதனைகளை முழுமையாகத் தொடங்கிவிட்டது. பிரிட்டனோ தன் பக்கத்தில், வரும் உணவுப் பண்டங்களின் சோதனையைப் பலமுறை ஒத்திவைத்தது. நலச்சான்றிதழ் கேட்கத் தொடங்கியது 2024 ஜனவரி 31-இல். நேரடிச் சோதனை தொடங்கியது ஏப்ரல் 30-இல். ஆகவே தொடக்க ஆண்டுகளில், பிரிட்டனை விட்டு வெளியே போன மீன்தான் எல்லையில் அழுகியது. பிரிட்டனுக்குள் வந்த உணவு பெரும்பாலும் தடையின்றியே வந்தது.

அலமாரிகள் எல்லையாலேயே வெறுமையான ஓர் இடமும் உண்டு: வட அயர்லாந்து. அயர்லாந்துத் தீவின் நடுவே மீண்டும் ஓர் எல்லை எழக்கூடாது என்பதற்காக, வட அயர்லாந்து பண்ட வணிகத்தில் ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்றும் என்று உடன்பாடு செய்தார்கள். விளைவு, ஒரே நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு உணவு அனுப்பவும் தாள் வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் அங்குள்ள பேரங்காடிகளில் தட்டுகள் ஆங்காங்கே காலியாகக் கிடந்தன. பின்னர் 2023 பிப்ரவரி 27-இல் கண்ட வின்சர் உடன்பாடு இச்சிக்கலைத் தளர்த்தியது.

பல கயிறுகள் சேர்ந்த முடிச்சு

2021-இன் கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் வருவோம். கோழி கிடைக்காமல் நாண்டோஸ் உணவகம் ஏறத்தாழ 50 கிளைகளைத் தற்காலிகமாக மூடியது. மெக்டொனால்ட்ஸ் கடைகளில் மில்க் ஷேக் இல்லை. செப்டம்பர் இறுதியில் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன; அக்டோபர் 4 முதல் எரிபொருள் வண்டிகளை ஓட்ட இராணுவத்தினர் இறக்கப்பட்டனர். பெட்ரோல் நாட்டில் இருந்தது. அதை நிலையத்துக்குக் கொண்டு சேர்க்க ஓட்டுநர் போதவில்லை. அத்தோடு மக்களின் அச்சமும் சேர்ந்து, இருந்ததையும் ஒரே நாளில் உறிஞ்சிவிட்டது.

ஓட்டுநர் எங்கே போனார்கள்? ஒரு இலட்சம் பேருக்கு மேல் பற்றாக்குறை என்று சரக்குப் போக்குவரத்துச் சங்கம் மதிப்பிட்டது. ஓட்டுநர்களுக்கு வயது முதிர்ந்துகொண்டே வந்தது, ஊதியம் குறைவு, வழியில் குளிக்கவும் உறங்கவும் நல்ல இடமில்லை. இவை பழைய குறைகள். கொரோனாத் தொற்றால் புதிய ஓட்டுநர் தேர்வுகள் பல மாதம் நடைபெறவில்லை. இது இரண்டாவது கயிறு. தொற்றுக்காலத்தில் தாய்நாடு சென்ற போலந்து, ருமேனியா ஓட்டுநர்கள் பலர் திரும்பவில்லை. புதியவர்கள் முன்போல் எளிதில் வந்து வேலை செய்யவும் விலகல் இடம் தரவில்லை. இது மூன்றாவது கயிறு.

அதே செப்டம்பரில் கரியமில வாயுப் பஞ்சமும் வந்தது. கோழியையும் பன்றியையும் வெட்டுமுன் மயக்கவும், இறைச்சியைக் கெடாமல் பொதியவும், சோடாவில் நுரை எழுப்பவும் அந்த வாயு வேண்டும். இயற்கை எரிவாயுவின் விலை ஏறியதால் இரண்டு உரத் தொழிற்சாலைகள் நின்றன. அவற்றின் துணைப்பொருளான கரியமில வாயுவும் நின்றது. இதற்கும் விலகலுக்கும் தொடர்பில்லை. ஆனால் நான் மேடையில் இதையும் அந்தக் கணக்கிலேயே எழுதினேன்!

பன்றிப் பண்ணைகளின் நிலையோ வேறு. வெட்டும் ஆட்கள் இல்லாமல் பன்றிகள் பண்ணையிலேயே தேங்கின. பல்லாயிரம் பன்றிகளைக் கொன்று வீணாக்க நேர்ந்தது. இறைச்சிக்கூடங்களில் வேலை செய்தோரில் பெரும்பகுதியினர் ஒன்றிய நாட்டினர். வெளிநாட்டிலிருந்து இறைச்சி வெட்டுவோர் 800 பேரைத் தற்காலிகமாக அழைக்க அரசே முன்வந்தது. விலகலின் கை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

2023 பிப்ரவரியின் தக்காளியைப் பார்ப்போம். ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று பொதிதான் என்று பேரங்காடிகள் வரம்பு கட்டின. டர்னிப் கிழங்கை உண்ணலாமே என்று சுற்றுச்சூழல் அமைச்சர் நாடாளுமன்றத்தில் பேசி நகைப்புக்கு ஆளானார். காரணம் என்ன? ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் கடுங்குளிர். உக்ரைன் போருக்குப் பின் எரிசக்தி விலை உயர்ந்ததால், பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் கண்ணாடி வீட்டுப் பயிர் குறைவு. மொராக்கோ ஒன்றியத்தில் இல்லாத நாடு. ஸ்பெயினிலிருந்து வரும் காய்களுக்கோ பிரிட்டனின் எல்லைச் சோதனை அப்போது தொடங்கவே இல்லை. ஆகவே நேரடிக் காரணம் வானிலை. அதே ஆண்டு ஜூலையில் நம் விடுதி ரசத்திலிருந்து தக்காளி மறைந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. எந்த ஒன்றியத்திலிருந்தும் நாம் விலகவில்லை.

மருந்து

அண்ணனின் துறை மருந்து. ஆகவே அவர் குரல் தணிந்தது இங்கேதான். "தக்காளி இல்லையென்றால் புளி கரைப்பாய், வலிப்பு மாத்திரை இல்லையென்றால் எதைக் கரைப்பாய்?" என்று கேட்டார்.

தம்மிடம் ஒரு மருந்து தட்டுப்படப் போகிறது என்று நிறுவனங்கள் அரசுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். நஃபீல்டு அறக்கட்டளை 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2020-இல் அத்தகைய அறிவிப்புகள் 648, 2023-இல் 1,634. இன்னோர் அளவுகோலும் உண்டு. பிரிட்டனில் மருந்துக் கடைக்காரருக்கு அரசு ஒரு விலையைக் கட்டித் தருகிறது. அந்த விலைக்குச் சந்தையில் மருந்து கிடைக்காதபோது, அம்மாதத்துக்கு மட்டும் கூடுதல் விலையை ஒப்புக்கொள்ளும். 2016-க்கு முன் இச்சலுகை மாதத்துக்கு இருபதைத் தாண்டுவது அரிது. 2022-இன் இறுதியில் ஒரே மாதத்தில் 199 வரை சென்றது.

இதுவும் விலகலின் வேலைதானா? அவ்வாய்வே ஆம் என்று சொல்லவில்லை. மருந்துத் தட்டுப்பாடு ஐரோப்பா முழுவதும் இருந்தது. ஒரு மாத்திரையின் மூலப்பொருள் பெரும்பாலும் சீனாவிலோ நம் நாட்டிலோ உருவாகிறது. 2020 மார்ச் தொடக்கத்தில் நம் அரசே பாரசிட்டமால் உள்ளிட்ட 26 மருந்துகளின், மூலப்பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது நினைவிருக்கலாம். சங்கிலி அவ்வளவு நீளமானது. 2022 டிசம்பரில் குழந்தைகளிடையே தொண்டைத் தொற்று பரவியபோது பெனிசிலின் திடீரென்று போதாமற் போனதும் தேவை பெருகியதால் வந்த விளைவே.

ஆயின் விலகல் செய்தது யாது? வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டின் மதிப்பு விழுந்தது. வெளியிலிருந்து வாங்குவது விலை கூடியது. இலண்டனில் இருந்த ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தது. 2023 அக்டோபரில், ஓர் உறுப்பு நாட்டில் மருந்து தட்டினால் மற்ற நாடுகள் தம் கையிருப்பிலிருந்து கொடுத்துதவும் ஏற்பாட்டை ஒன்றியம் தொடங்கியது. அந்தப் பந்தியில் பிரிட்டனுக்கு இலை இல்லை.

பிரித்தறிவது எப்படி?

ஒரே காலத்தில் தொற்று வந்தது, விலகலும் வந்தது. விலைகளும் ஏறின. எவ்வளவு ஏற்றம் எதனால் என்று எப்படிப் பிரிப்பது? பொருளியல் மாணவனுக்கு இதுவே மெய்யான தேர்வு.

இலண்டன் பொருளாதாரக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். உணவுப் பண்டங்களை இரு வகையாக எண்ணிப் பாருங்கள். ஒன்று, ஒன்றியத்திலிருந்து மிகுதியாக வருவதும் எல்லைத் தாள்கள் மிகுதியாக வேண்டுவதும். மற்றொன்று, அவ்வாறு அல்லாதது. தொற்று இரண்டையும் தாக்கியது. ஓட்டுநர் இல்லாமை இரண்டையும் தாக்கியது. முதல் வகையின் விலை மட்டும் கூடுதலாக ஏறியிருந்தால், அந்தக் கூடுதல் ஏற்றத்துக்கு எல்லையே பொறுப்பு. இவ்வாறு கணக்கிட்டு, 2021 இறுதி வரையிலான ஈராண்டில் சராசரிக் குடும்பம் ஒன்றின் உணவுச் செலவு 210 பவுண்டு கூடியது என்று கண்டார்கள். நாடு முழுவதற்கும் 580 கோடி பவுண்டு. ஏழைக் குடும்பம் தன் வருவாயில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடுவதால், சுமை அங்கேதான் மிகுதியாக அழுத்தியது.

இதைப் படித்தபோதுதான் நான் எந்த இடத்தில் பிழைபட்டேன் என்பது விளங்கியது. வெற்று அலமாரியை எல்லாரும் படம் பிடித்தார்கள். நானும் அதையே பேசினேன். நிறைந்த அலமாரியில் விலைச்சீட்டு மாறியதை யார் படம் பிடிப்பார்?

நம் ஊர்ப்புறத்து ஏரிகளைக் கொண்டு சொன்னால் எளிதாகும். ஓர் ஏரி நிரம்பினால் வழிந்து அடுத்த ஏரிக்கு ஓடும். ஓர் ஏரி வறண்டால் மேலேரியிலிருந்து வாய்க்கால் வழியே நீர் வரும். மழை பொய்த்தது விலகலால் அன்று. தொற்றும், போரும், குளிரும் மழை பொய்த்ததைப் போன்றவை. அவை எல்லா நாட்டிலும் வந்தன. ஆனால் மழை பொய்க்கும் ஆண்டில் பக்கத்து ஏரியிலிருந்து நீர் கொண்டுவரும் வாய்க்காலை விலகல் தூர்த்துவிட்டது. ஓட்டுநர் வரும் வாய்க்கால், வெட்டுநர் வரும் வாய்க்கால், அவசரத்துக்கு மருந்து வரும் வாய்க்கால் எல்லாவற்றிலும் மண் விழுந்தது. 2025 மே 19-இல், உணவுப் பண்டங்களின் சோதனைகளைக் குறைக்கும் உடன்பாடு ஒன்றை நோக்கிச் செல்ல இரு தரப்பும் இசைந்தன. தூர்ந்த வாய்க்காலில் மண்வெட்டி வைக்க வேண்டும் என்பதை அவர்களே உணர்ந்தார்கள் என்று கொள்ளலாம்.

ஆகவே, அண்ணன் கேட்ட கேள்விக்கு என் விடை இது. மீன் அழுகியது உண்மை. சிறு வணிகர் ஒதுங்கியது உண்மை. பன்றி தேங்கியதும், உணவு விலை ஏறியதும், வட அயர்லாந்தின் தட்டுகள் காலியானதும் உண்மை. தக்காளியையும் கரியமில வாயுவையும் அந்தக் கணக்கில் எழுதியது என் பிழை. பெட்ரோலும் மருந்தும் பல கயிறுகள் சேர்ந்த முடிச்சுகள்; விலகல் அவற்றுள் ஒரு கயிறு.

இந்த விடையை அண்ணனிடம் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "இப்போது பேசியிருந்தால் இவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது" என்றார். உண்மைதான். அன்று பரிசாகப் பெற்ற நூலைச் சங்க நூலகத்தில் சேர்த்துவிட்டேன். வேண்டுவோர் எடுத்துப் படிக்கலாம். மேடையேறும் இளைய நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாத் துன்பத்துக்கும் ஒரே காரணம் சொல்லி ஒருவர் முழங்கும்போது கைதட்டுங்கள், தவறில்லை, தட்டிய பிறகு, "எந்தப் பாதி?" என்று எழுந்து கேளுங்கள். அந்த ஒருவர் நானாக இருந்தாலும் கேளுங்கள்.